பழைய லேப்டாப்புக்கே எஸ்எஸ்டி, ரேம் போடலாமா, இல்ல ரீஃபர்பிஷ்டா (பழசை சரிபண்ணி விக்கிறது) ஒண்ணு வாங்கிடலாமா? பட்ஜெட் 25 ஆயிரம்

பொதிகைச்சாரல் (கேள்வி)

வணக்கம் மக்களே. கொஞ்சம் நீளமான போஸ்ட், பொறுமையா படிச்சுட்டு சொல்லுங்க.

வீட்டுல 2016ல வாங்குன லேப்டாப் ஒண்ணு இருக்கு. ஐ5 6200யூ, 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. அப்பா தென்காசி பக்கத்துல ஹார்டுவேர் கடை வச்சிருக்காங்க, டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) என்ட்ரி, ஜிஎஸ்டி ஃபைலிங், பேங்க் வேலை எல்லாமே இதுலதான். இப்ப என்னன்னா ஆன் பண்ணா டெஸ்க்டாப் வர்றதுக்கே அஞ்சாறு நிமிஷம் ஆகுது, வந்தப்புறமும் டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் 100 சதவீதம்னே நிக்குது, குரோம்ல ரெண்டு டேப் திறந்து டேலியும் திறந்தா அப்படியே உறைஞ்சு போயிடுது. பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு, சார்ஜரை எடுத்தா ஆஃப்.

இதுக்கு நடுவுல தங்கச்சிக்கு திருநெல்வேலில ஈசிஇ சீட் கிடைச்சிருக்கு. ஹாஸ்டல். அடுத்த மாசத்துக்குள்ள அவளுக்கும் ஒரு லேப்டாப் வேணும்.

இங்க ஊர்ல சர்வீஸ் பண்றவர் "256 எஸ்எஸ்டி, 8 ஜிபி ரேம், புது பேட்டரி மூணும் சேர்த்து 9,500 ஆகும், போட்டா புதுசு மாதிரி ஓடும், தங்கச்சிக்கே குடுத்துடலாம்"ங்கறாரு. சென்னைல இருக்கிற ஃப்ரெண்டு ரிச்சி ஸ்ட்ரீட்ல விசாரிச்சு திங்க்பேட் டி480 ஐ5 எட்டாவது ஜென் (ப்ராசஸர் தலைமுறை), 8 ஜிபி, 256 எஸ்எஸ்டி 19 ஆயிரம் சொல்றாங்கன்னான். மாமா என்னடான்னா பழசுல காசு போடாத, இன்னும் அஞ்சாயிரம் சேர்த்து புதுசே வாங்குன்னு நிக்கிறாரு. மூணு பேர் சொல்றதும் சரின்னுதான் தோணுது, அதான் பிரச்சனை. கையில மொத்தமே 25தான், அதுக்கு மேல போக முடியாது. அப்பாவுக்கும் வேலை நடக்கணும், தங்கச்சிக்கு நாலு வருஷம் ஓடணும். எது சரி?

---

சர்வீஸ்பெஞ்ச்_மதுரை

தம்பி, மொதல்ல ஒண்ணு. உங்க மெஷின் ஸ்லோவா இருக்கிறதுக்கு முக்கால்வாசி காரணம் அந்த ஹார்டு டிஸ்க்தான். லேப்டாப்ல வர்ற 5400 ஆர்பிஎம் டிஸ்க்ல ஃபைல் பெருசா வரிசையா இருந்தா நொடிக்கு 100 எம்பி கிட்ட படிக்கும், ஆனா விண்டோஸ் ஆன் ஆகும்போது குட்டி குட்டி ஃபைலா ஆயிரக்கணக்குல அங்கங்க சிதறிக் கிடக்கிறதைத் தேடி எடுக்கணும், அப்ப ஒண்ணு ரெண்டு எம்பிக்கே திணறும். நீங்க பாத்த 100 சதவீதம் அதுதான். சாதா சாட்டா எஸ்எஸ்டி (சுத்துற பாகம் இல்லாம சிப்ல பதியற டிஸ்க்) போட்டாலே அந்த அஞ்சாறு நிமிஷம் அரை நிமிஷத்துக்குள்ள வந்துடும். என் பெஞ்சுக்கு வர்ற பழைய மெஷின்ல பாதிக்கு மேல இந்த ஒரே மாத்தத்துல கஸ்டமர் சந்தோஷமா எடுத்துட்டுப் போறாங்க.

ஆனா 9,500ன்னு மூணையும் ஒண்ணா போடச் சொல்றதுல எனக்கு உடன்பாடில்ல. எஸ்எஸ்டி மட்டும் போடுங்க. நாளைக்கு அந்த லேப்டாப் போயே போச்சுன்னாலும் எஸ்எஸ்டியைக் கழட்டி ஒரு யூஎஸ்பி கேஸ்ல போட்டா எக்ஸ்டர்னல் டிஸ்க்கா பல வருஷம் ஓடும், வேற மெஷின்லயும் மாட்டலாம். அந்தக் காசு உங்களோடயே வரும். ரேமும் பேட்டரியும் அப்படி இல்ல. உங்களோட ஆறாவது ஜென்ல சில மாடல் டிடிஆர்4 ரேம், சில மாடல் அதுக்கு முந்தின வகையான டிடிஆர்3எல். டிடிஆர்3எல்லா இருந்தா இப்ப வாங்குற ரேம் அடுத்த எந்த மெஷின்லயும் உக்காராது, காடி வெட்டே வேற எடத்துல இருக்கும். பேட்டரி அந்த மாடலுக்கு மட்டும்தான். பத்து வருஷ மாடலுக்கு ஒரிஜினல் கம்பெனி பேட்டரி கிடைக்கிறதே கஷ்டம், கிடைக்கிற லோக்கல் பேட்டரி ஒரு வருஷம் தாக்குப் பிடிச்சாலே பெரிய விஷயம். கடையில சார்ஜர் போட்டபடியேதானே ஓடுது, ஒரு யூபிஎஸ் இருந்தா போதுமே.

இன்னொண்ணு, டச்பேட் லேசா மேல தூக்கின மாதிரி இருக்கான்னு பாருங்க. இருந்தா உள்ள பேட்டரி உப்பியிருக்குன்னு அர்த்தம், அதை உடனே கழட்டிடணும். செத்த பேட்டரிதானேன்னு உள்ளயே விட்டுடாதீங்க.

தங்கச்சிக்கு இந்த மெஷினைக் குடுக்கவே வேண்டாம். காரணம் ரெண்டு. உங்க 6200யூ ப்ராசஸர்ல ரெண்டே கோர். இந்த யூ வகை (கரண்ட் கம்மியா எடுக்குற) இன்டெல் லேப்டாப் ஐ5ல நாலு கோர் வந்ததே எட்டாவது ஜென்லதான், 8250யூ நாலு கோர் எட்டு த்ரெட். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுலதான் பெரிய தாவலே, அதனாலதான் ரீஃபர்ப் வாங்குறவங்ககிட்ட எல்லாம் எட்டுக்குக் கீழ இறங்காதீங்கன்னு சொல்லிட்டே இருக்கேன். ரெண்டாவது, விண்டோஸ் 11 லிஸ்ட்ல இன்டெல் எட்டாவது ஜென்ல இருந்துதான் கணக்கு (ஏழுல ஒண்ணு ரெண்டு விதிவிலக்கு உண்டு, அவ்வளவுதான்). விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. நாலு வருஷம் படிக்கப்போற பிள்ளைக்கு சப்போர்ட் முடிஞ்ச மெஷினை எப்படிக் குடுக்கிறது?

---

லேப்நிர்வாகி_கோவை

மதுரை அண்ணன் சொன்னதோட முழுசா ஒத்துப் போறேன். நான் ஒரு காலேஜ் கம்ப்யூட்டர் லேப் பாத்துக்கறேன், எங்க லேப்ல பாதிக்கு மேல ரீஃபர்ப்தான் ஓடுது, அதனால வாங்குற பக்கத்தைப் பத்தி மட்டும் எழுதறேன்.

ப்ரோ, ரீஃபர்ப்ல மாடலை விட கடைதான் முக்கியம். இந்த டி480, டெல் லேட்டிட்யூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5 எல்லாம் எங்க இருந்து வருதுன்னா பெரிய கம்பெனிங்க மூணு நாலு வருஷ லீஸ்ல எடுத்து, முடிஞ்சதும் மொத்தமா வித்துடறது. மெஷின் நல்ல மெஷின், ஆபீஸ்ல ஏசில இருந்தது, பாடி ஸ்ட்ராங்கு. ஆனா அந்த கம்பெனியோட பூட்டு சில சமயம் மெஷின்லயே ஒட்டிட்டு வந்துடும். இதைத்தான் நிறைய பேர் செக் பண்றதில்ல.

கடையில நிக்கும்போதே விண்டோஸை ரீசெட் பண்ணச் சொல்லுங்க, பண்ணி முடிச்சு மொத செட்டப்ல உங்க போன் ஹாட்ஸ்பாட்டைக் கனெக்ட் பண்ணுங்க. கனெக்ட் ஆனதும் ஏதாவது ஒரு கம்பெனி பேரைப் போட்டு வெல்கம் சொல்லி ஆபீஸ் மெயில் ஐடி கேட்டுச்சுன்னா அந்த மெஷின் இன்னும் அவங்க ஆட்டோபைலட் (கம்பெனி தன் மெஷினை நெட் வழியா செட்டப் பண்ற மைக்ரோசாஃப்ட் ஏற்பாடு) லிஸ்ட்ல இருக்கு. தொடாதீங்க, அடுத்த பீஸ் எடுங்க. நெட் இல்லாம செட்டப் பண்ணிக் குடுக்கறேன்னு கடைக்காரர் சொன்னாலும் வேண்டாம், எப்ப ரீசெட் பண்ணாலும் திரும்ப வந்து நிக்கும். அப்புறம் பயாஸுக்குள்ள (விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி திறக்கிற அடிப்படை செட்டிங்ஸ்) போய் பாருங்க. பாஸ்வேர்டு கேட்டா வேண்டவே வேண்டாம், திங்க்பேட்ல சூப்பர்வைசர் பாஸ்வேர்டு தெரியலன்னா போர்டையே மாத்தணும்னுதான் லெனோவோ சொல்லுது. அதே பயாஸ்ல செக்யூரிட்டி பக்கத்துல கம்ப்யூட்ரேஸ் அல்லது அப்சொல்யூட்னு (திருட்டுப்போன மெஷினைத் தேடிப் பூட்டற வசதி) ஒண்ணு இருக்கும், அது ஆக்டிவேட்டட்னு காட்டுனாலும் அதே பதில்தான்.

விண்டோஸ் லைசன்ஸ்: இந்த பிசினஸ் மாடல் பெரும்பாலும் விண்டோஸ் ப்ரோ கீ பயாஸ்லயே பதிஞ்சு வந்தது. செட்டிங்ஸ்ல ஆக்டிவேஷன் போய் பாத்தா டிஜிட்டல் லைசன்ஸ்னு வரணும். உங்க ஆர்கனைசேஷனோட ஆக்டிவேஷன் சர்வீஸ்னு எழுதியிருந்தா கடைக்காரர் கிராக் போட்டிருக்காருன்னு வச்சுக்கலாம், ஒரிஜினலா இன்ஸ்டால் பண்ணிக் குடுங்கன்னு தைரியமா கேளுங்க, உங்க உரிமை அது.

பேட்டரிக்கு: கமாண்ட் ப்ராம்ப்ட்ல பவர்சிஎஃப்ஜி அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு ஸ்லாஷ் போட்டு பேட்டரிரிப்போர்ட்னு சேர்த்து அடிச்சா ஒரு ஃபைல் வரும். டிசைன் கெபாசிட்டி எவ்வளவு, இப்ப ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி எவ்வளவுன்னு அதுல இருக்கும். ரெண்டாவது நம்பர் முதல் நம்பர்ல 70 சதவீதத்துக்குக் கீழ இருந்தா பேட்டரி மாத்திக் குடுங்க இல்ல விலையைக் குறைங்கன்னு பேசலாம். டி480ல உள்ள ஒரு பேட்டரி, பின்னாடி கழட்டுற மாதிரி ஒரு பேட்டரி, ரெண்டும் தனித்தனியா காட்டும். பின்னாடி இருக்கிறதை ஸ்க்ரூ கூட கழட்டாம நாமே மாத்திக்கலாம், ஹாஸ்டல் பிள்ளைக்கு அது பெரிய வசதி.

டிஸ்ப்ளேயைக் கண்டிப்பா கேட்டுக்கோங்க. அதே டி480 1366க்கு 768லயும் வந்திருக்கு, ஃபுல் எச்டி ஐபிஎஸ்லயும் வந்திருக்கு. மொதல் வகைல லேசா சாய்ச்சாலே கலர் மாறிடும், கோடு எழுதறதுக்கு எடமே பத்தாது. ஆயிரம் ரெண்டாயிரம் கூட ஆனாலும் ஃபுல் எச்டி எடுங்க. டி480எஸ்னு எஸ் போட்டு ஒண்ணு வரும், மெல்லிசா அழகா இருக்கும், ஆனா அதுல ஒரு பகுதி ரேம் போர்டுலயே சால்டர் பண்ணியிருக்கும், ஸ்லாட் ஒண்ணுதான். எஸ் இல்லாத டி480ல ரெண்டு ஸ்லாட். பின்னால 16 ஜிபி ஆக்கிக்கலாம்.

சி டைப் போர்ட் ரெண்டுலயும் சார்ஜ் ஏறுதான்னு மாத்தி மாத்தி மாட்டிப் பாருங்க. அந்தத் தலைமுறை திங்க்பேட்ல தண்டர்போல்ட் (வேகமான ஒரு சி டைப் போர்ட்) ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணாம விட்டா அந்த போர்ட் கெட்டுப்போற பிரச்சனை இருந்துச்சு, லெனோவோவே அதுக்கு அப்டேட் விட்டாங்க. வாங்குன அன்னைக்கே அதைப் போட்டுடுங்க.

கடைசியா, ஜிஎஸ்டி பில்லும் அதுல சீரியல் நம்பரும் வாரண்டி எத்தனை மாசம்னும் எழுதி வாங்குங்க. வாயால சொல்ற "ஆறு மாசம் பாத்துக்கலாம் சார்" எனக்கு வாரண்டி இல்ல.

---

மகிழ்_பட்டுக்கோட்டை

எல்லாரும் ரீஃபர்ப்னே சொல்றீங்க, நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன் தம்பி. எங்க பையனுக்குப் புதுசுதான் வாங்கினோம், அதுக்குக் காரணம் இருக்கு. நாங்க இருக்கிறது சின்ன ஊர். ரீஃபர்ப் கடைக்காரர் குடுக்கிற வாரண்டி கேரி இன், அதாவது நாமதான் தூக்கிட்டு சென்னைக்குப் போகணும், இல்ல கூரியர்ல அனுப்பணும். செமஸ்டர் நடுவுல லேப்டாப் ரெண்டு வாரம் இல்லன்னா பிள்ளை என்ன பண்ணும்? சொந்தக்காரப் பொண்ணு ஒருத்திக்கு இப்படித்தான் ஆச்சு, கடையில ஃபோனே எடுக்கல. புதுசுன்னா ஒரு வருஷம் கம்பெனி வாரண்டி, சர்வீஸ் சென்டர் திருநெல்வேலிலயே இருக்கும். பேட்டரி புதுசு. உங்க தங்கச்சி தனியா ஹாஸ்டல்ல இருக்கப்போறா, ஒவ்வொரு தடவையும் அண்ணன் வந்து பாத்துத் தர முடியாது. 25ஐ 30 ஆக்க முடியுமான்னு ஒரு தடவை யோசிங்க.

---

சர்வீஸ்பெஞ்ச்_மதுரை

மகிழ் அம்மா சொல்ற வாரண்டி பாயிண்ட் ரொம்ப சரி, அதை நான் லேசா எடுத்துக்கல. ஆனா 25, 30க்குப் புதுசா என்ன கிடைக்குதுன்னும் பாக்கணும்ல. அந்த விலைல பெரும்பாலும் செலரான் என்4020, என்4500 மாதிரி ரெண்டு கோர் சிப்புதான். பல மாடல்ல ரேம் போர்டோட ஒட்டியிருக்கும், சில மாடல்ல எஸ்எஸ்டிக்குப் பதிலா அதை விட ஸ்லோவான இஎம்எம்சி. பின்னால ஏத்தவும் முடியாது, ரெண்டாவது வருஷம் மேட்லேப்பும் குரோமும் சேர்த்துத் திறந்தா அழுதுடும். வாரண்டி இருக்கும், ஆனா ஸ்லோவா இருக்கிறதுக்கு வாரண்டி கிடையாதே. 40க்கு மேல போக முடியும்னா நானே புதுசு வாங்கச் சொல்வேன். 25க்கு எட்டாவது ஜென் ரீஃபர்ப்தான் என் ஓட்டு.

தூரப் பிரச்சனைக்கு ஒரு வழி, சென்னைல வாங்காம திருநெல்வேலியோ மதுரையோ, பக்கத்துல கடை வச்சு ஏழெட்டு வருஷமா அதே எடத்துல இருக்கிறவங்ககிட்ட வாங்குங்க. ரிச்சி ஸ்ட்ரீட்டை விட ஆயிரம் கூட இருந்தாலும் பரவாயில்ல, ஏதாவதுன்னா தங்கச்சியே பஸ் ஏறிப் போய் குடுத்துட்டு வரலாம். இன்னொண்ணு, இந்த பிசினஸ் மாடலுக்கு கீபோர்டு, ஹிஞ்ச், டிஸ்ப்ளே, ஃபேன் எல்லாமே எங்கயும் கிடைக்கும், ஏன்னா லட்சக்கணக்குல அதே மாடல் ஊர் பூரா ஓடுது. வீட்டு உபயோகத்துக்குன்னு வர்ற புது மாடலுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு கீபோர்டு தேடறதுக்குள்ள எனக்கே போதும் போதும்னு ஆயிடுது.

---

மிண்ட்_பயனர்

அண்ணா, பழைய மெஷினுக்கு விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மிண்ட்னு இலவச ஓஎஸ் போட்டுப் பாருங்களேன். விண்டோஸ் 10 கதை முடிஞ்ச கவலையே இருக்காது, 4 ஜிபி ரேம்லயும் எக்ஸ்எஃப்சிஇன்னு வர்ற லேசான எடிஷன் நல்லா ஓடும், அப்டேட் வருஷக்கணக்குல வரும், தமிழ்ல டைப் பண்றதும் ஈசி. எங்க வீட்டுல அரசு குடுத்த இலவச லேப்டாப் ஒண்ணு கிடக்குது, அண்ணன் ப்ளஸ் டூ படிக்கும்போது வாங்குனது, அதுல மிண்ட் போட்டு இன்னைக்கும் அம்மா யூட்யூப் பாக்கறாங்க. டேலிக்குத்தான் விண்டோஸ் வேணும், அது மட்டும்தான் இடிக்குது.

---

லேப்நிர்வாகி_கோவை

டேலி இருக்கிறதால அந்த மெஷின்ல விண்டோஸ்தான் ப்ரோ, வேற வழியில்ல. ஆனா ஒரு விஷயம், விண்டோஸ் 10க்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் மட்டும் நீட்டிச்சுக் குடுத்திருக்காங்க. 22எச்2 வெர்ஷன்ல இருக்கணும், செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பக்கத்துல என்ரோல்னு வரும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணி செட்டிங்ஸை சிங்க் பண்ண விட்டா காசும் கேக்காது. பேங்க் வேலை நடக்கிற மெஷின், இதை இன்னைக்கே பண்ணுங்க. சில கடையில ரூஃபஸ்னு ஒரு சாஃப்ட்வேர் வச்சு ஆறாவது ஜென்லயே விண்டோஸ் 11 ஏத்தித் தருவாங்க, ஓடவும் செய்யும், ஆனா அப்டேட் தொடர்ந்து வரும்ங்கறதுக்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் குடுக்கல. கடைக் கணக்கு இருக்கிற மெஷின்ல அந்த விளையாட்டு வேண்டாம்.

அக்டோபருக்கு அப்புறம் அப்பாவுக்கு என்னன்னு கேட்டா லேப்டாப்பே வேண்டாம்னு சொல்வேன். கடையில ஒரே எடத்துல இருக்கிறதுதானே. ரீஃபர்ப்ல குட்டி டெஸ்க்டாப் வருது, டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி மாதிரி. எட்டாவது ஜென் ஐ5 8500டி போட்டது ஆறு கோர், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெருசு, மானிட்டர் பின்னாடியே மாட்டிடலாம். பேட்டரி, ஹிஞ்ச், டிஸ்ப்ளேன்னு கெட்டுப்போற ஐட்டமே இல்லாததால அதே பவர் உள்ள லேப்டாப்பை விட விலை கம்மி. இப்ப வாங்குற எஸ்எஸ்டியை அப்ப அதுல மாட்டிக்கலாம்.

---

பொதிகைச்சாரல்

ரொம்ப நன்றி எல்லாருக்கும், இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. மதுரை அண்ணன் சொன்ன ரேம் வகையைப் பாக்க சிபியூ இசட் (மெஷின் விவரம் காட்டுற சாஃப்ட்வேர்) போட்டுப் பாத்தேன், ரேம் டிடிஆர்3எல்தான், ஸ்லாட்டும் ஒண்ணே ஒண்ணு. டச்பேட் உப்பல. அதனால பழசுக்கு எஸ்எஸ்டி மட்டும்னு முடிவு பண்ணிட்டோம். பேட்டரியைக் கழட்டிட்டு யூபிஎஸ்ல ஓட்டப்போறோம், என்ரோலும் பண்ணிட்டேன். தங்கச்சிக்கு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில டி480 ஃபுல் எச்டி 20,500 சொல்றாங்க, பில்லோட ஆறு மாச வாரண்டி. மகிழ் அம்மா, தூரத்தைப் பத்தி நீங்க சொல்லாட்டி நான் சென்னைலயே வாங்கியிருப்பேன்.

ரெண்டு சந்தேகம். 8 ஜிபியை இப்பவே 16 ஆக்கணுமா? எஸ்எஸ்டி போடும்போது பழைய டிஸ்க்கை அப்படியே க்ளோன் பண்ணலாமா, இல்ல ஃப்ரெஷ்ஷா போடணுமா?

---

லேப்நிர்வாகி_கோவை

16 இப்ப வேண்டாம். 2025 கடைசில இருந்து ரேம் விலை கண்டபடி ஏறிக் கிடக்கு, ஏஐ டேட்டா சென்டருக்கே தயாரிப்புல நிறைய போகுது. முதல் வருஷம் சி, பைத்தான்னுதான் போகும், 8 தாராளம். ஆனா அந்த 8 ஒரே ஸ்டிக்கா இருக்கான்னு கடையில கேட்டுக்கோங்க, அப்படி இருந்தா ரெண்டாவது ஸ்லாட் காலியா இருக்கும், பின்னால இன்னொரு 8 மட்டும் வாங்கினா போதும். 4ம் 4ம்மா இருந்தா ஒரு 4ஐத் தூக்கிப் போட வேண்டி வரும்.

---

சர்வீஸ்பெஞ்ச்_மதுரை

ஃப்ரெஷ்ஷா போடுங்க தம்பி. பத்து வருஷக் குப்பையையும் சேர்த்து க்ளோன் பண்ணி என்ன பண்ணப்போறோம், அதுவும் பழைய டிஸ்க்ல பேட் செக்டர் (கெட்டுப்போன பகுதி) இருந்தா க்ளோன் பாதில நிக்கும்.

ஆனா டிஸ்க்கைக் கழட்டறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை. டேலி டேட்டா ஃபோல்டரை பேக்கப் எடுத்து பென் டிரைவ்ல ஒண்ணு, அப்பா மெயில்லயோ டிரைவ்லயோ ஒண்ணுன்னு ரெண்டு எடத்துல வைங்க. அப்புறம் டேலிக்குள்ள போய் லைசன்ஸை சரண்டர் பண்ணுங்க, நெட் இருக்கும்போதே. அந்த லைசன்ஸ் மெஷினோட பூட்டிக்கிற லைசன்ஸ், சரண்டர் பண்ணாம ஃபார்மட் போட்டா புதுசுல ஆக்டிவேட் பண்றப்ப சிக்கல் வரலாம், டேலி பார்ட்னரைக் கூப்பிட்டு அலைய வேண்டியும் வரலாம். ஜிஎஸ்டி ஃபைலிங்குக்கு டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் வச்சிருந்தா அதோட டிரைவரும் மறுபடி போடணும், அது எந்தக் கம்பெனி டோக்கன்னு இப்பவே பாத்து எழுதி வச்சுக்கோங்க.

பழைய 1 டிபி டிஸ்க்கை உடனே அழிச்சுடாதீங்க. எல்லாம் சரியா ஓடுதான்னு பாத்து, ரெண்டு மூணு மாச ரிட்டர்ன் ஃபைல் பண்ணி முடிச்சப்புறம் ஃபார்மட் பண்ணிக்கலாம். அது வரைக்கும் ஒரு கவர்ல போட்டு பீரோல வைங்க. 20ஆம் தேதிக்கு முன்னாடி இந்த வேலையை ஆரம்பிக்காதீங்க, அப்பா அந்த மாச ஜிஎஸ்டி 3பி ரிட்டர்னை ஃபைல் பண்ணிட்டு அப்புறம் கையில எடுங்க.